முகத்தால சொல்லுங்கோ

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஒரு கடிதம் எழுதினாலும் மகளிடம் காட்டித் திருத்திய பிறகுதான் அனுப்புவேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் அச்சில் வருவதற்கு எழுதலாமா என்று நினைத்து நினைத்துப் பல நாட்கள் விட்டுவிட்டேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற மனிதரைப் பற்றி அச்சில் வந்தது ஒரே ஒரு வரிதான். அவர் காலமான முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவுப் புத்தகத்தில், 'வெளிநாட்டிலும் மன்னாரிலும் தொழில் புரிந்தவர்' என்று போட்டிருந்தார்கள். என்ன தொழில் என்று அதில் இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் சமையற்காரர். நல்ல சமையற்காரர். பெயர் போடாமலே எழுதுகிறேன். அவருடைய ஆட்களுக்கு ஆள் யாரென்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரியத் தேவையில்லை. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மன்னார்ப் பட்டினம் சின்னது. பாலத்தால் வந்து பஸ்ஸால் இறங்கினால் அரை மணித்தியாலத்தில் கடைத்தெரு முழுவதையும் நடந்து முடித்துவிடலாம். ஆனால் சாப்பாட்டுக்கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்தால் உலகத்தில் பாதி வந்துவிடும். பஸ் நிலையத்தடியில் சைவக்கடை. எதிர்ப்பக்கம் கொத்து ரொட்டி போடுகிற சத்தம். இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிவந்த ஒரு குடும்பம் காலையில் இட்லி விற்கிறது. அவர்களுடைய சாம்பாரில் ஒரு இனிப்பு இருக்கும், எங்கள் ஆட்கள் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு அப்பால் சீனச் சோறு, பீட்சா, அரபுச் சாப்பாடு. வீட்டுக்கு ஒருவராவது எங்கேயோ போய் இருந்துவிட்டு வந்த ஊர் இது. போனவர்கள் வேறு எதைக் கொண்டுவந்தார்களோ இல்லையோ, ஒரு நாட்டின் ருசியை நாக்கில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். கடைகள் இன்னும் கூடின.

கடையின் முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஏழு வருடங்களில் சீனக்கடை ஒன்று, பீட்சாக்கடை ஒன்று, அரபுக்கடை ஒன்று என்று மூன்று குசினிகளிலும் அடுப்படியில் நின்றவர் ஒரே ஆள். முன்னால் பலகைதான் மாறியது. பின்னால் அண்ணையும், வெங்காயம் வெட்டிக்கொண்டு நானும்.

அவர் கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் பன்னிரண்டு வருடம் நின்றவர். அங்கே ஒரு மாடியில் சீனர் சாப்பாடு, ஒரு மாடியில் இத்தாலி, கீழே அரபுக்காரருக்கு என்று மாற்றி மாற்றி விட்டிருக்கிறார்கள். மெலிந்த உடம்பு. காதோரம் மட்டும் நரை. வேலை தொடங்க முன்னம் எந்தப் பலகைக்குக் கீழே நின்றாலும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். அரபுக்கடை முதலாளி, இளம் ஹாஜியார் ஒருவர், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "போடுங்கோ அண்ணை, ரெண்டு பக்கத்தாலயும் பாதுகாப்புக் கிடைச்சா எனக்கு நல்லந்தானே," என்பார்.

அண்ணையின் சமையலில் எல்லாரும் கவனித்த பழக்கம் ஒன்று உண்டு. அவர் காதால் சமைத்தார். தாச்சியில் எண்ணெய் காயும்போது தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நிற்பார். வெங்காயம் விழுந்த சத்தத்தில் அடுப்பைக் கூட்டுவார், குறைப்பார். சோறு வெந்ததைக் கரண்டி அதில் இறங்குகிற சத்தத்தில் சொல்லிவிடுவார். இறைச்சியை விரலால் அழுத்திப் பார்ப்பார். உப்புக்கும் தூளுக்கும் அவரிடம் ஒரு கொத்து அளவுக் கரண்டிகள் இருந்தன, வளையத்தில் கோர்த்தவை. ஊரில் எந்தச் சமையற்காரரும் அப்படிக் கரண்டி கட்டிக்கொண்டு திரிந்ததை நான் கண்டதில்லை. வெளிநாட்டுப் படிப்பு என்று எல்லாரும் மதித்தார்கள்.

ஒருவரும் கவனிக்காத பழக்கம் ஒன்றும் இருந்தது. அவர் எதையும் வாயில் வைத்துப் பார்க்கமாட்டார்.

கவனிக்காததற்குக் காரணம் எங்கள் குசினிதான். அரபுக்கடை முதலாளியும் கொத்து ரொட்டி போடுகிற நானாவும் முஸ்லிம்கள். அண்ணை வேதக்காரர். நான் நறுவிலிக்குளம், சைவ சமயம். வருடத்தில் எந்த நாளைப் பார்த்தாலும் யாராவது ஒருவருக்கு விரதமாக இருக்கும். அதனால் ஒரு வழக்கம் தானாகவே உண்டாகியிருந்தது. யாருக்கு அன்றைக்குத் தடையில்லையோ அவர் மற்றவருக்காக வாயில் வைத்துப் பார்ப்பார். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது நான். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம், மீனோ இறைச்சியோ, தொடுவதில்லை என்பதால் இறைச்சியைக் கொத்து நானா பார்ப்பார். இப்படிப் பழகிய இடத்தில் ஒருவர் "எனக்கு இண்டைக்கு ஏலாது" என்றால் ஏன் என்று இன்னொருவர் கேட்பதில்லை. அண்ணைக்குச் செவ்வாய் என்றால் அந்தோனியார் விரதம். தவக்காலம் என்றால் நாற்பது நாளும் காரணம் இருந்தது. நோன்பு மாதத்தில், "முதலாளி பட்டினி கிடக்கேக்க நான் என்னெண்டு வாயில வைக்கிறது," என்பார். ஒன்றுமே இல்லாத நாளில் வயிற்றுப் புண். "தங்கச்சி, ஒருக்கா வந்து பாருங்கோ," என்று என்னைக் கூப்பிடுவார்.

அவர் மத்தியானம் சாப்பிடுகிறதும் ஒரு விதம். வெறும் சோற்றோடு பொரித்த கருவாடு, பொரித்த மிளகாய், அப்பளம். மாலையில் முறுக்கு, கடலை, ஒடியல். வாயில் நொருங்குகிற சாமான் எதுவாக இருந்தாலும் சரி.

"அண்ணைக்கு வாயில்ல, மிசின்தான் இருக்கு," என்று கொத்து நானா பகிடி பண்ணுவார். "அரிசி போட்டாலும் மாவா வரும்."

"வரும். உங்கட கொத்தைப் போட்டா மட்டும் மிசின் நிண்டு போகும்," என்பார் அண்ணை.

எனக்கு விஷயம் தெரியவந்தது முதற் கடையில், சீனக்கடையில். ஒரு நாள் மாலை தேத்தண்ணிக்குச் சீனி எடுக்கிற டின்னில் யாரோ உப்பைக் கொட்டி வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் குசினியில் நின்ற எல்லாரும் ஒரு வாய் குடித்துத் துப்பினார்கள். சத்தமும் சிரிப்புமாக இருந்தது. அண்ணை பின்வாசலில் வாங்கில் இருந்தபடி தன்னுடைய கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, எழும்பி வந்து, கழுவுகிற தொட்டிக்குள் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் இருவருடைய கண்ணும் சந்தித்தது. மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது நல்ல குணத்தினால் அல்ல. இப்படியான விஷயத்தை எப்படித் தொடங்கிக் கதைப்பது என்று எனக்குத் தெரியாது. ஒரு கிழமைக்குப் பிறகு அவராகவே, நான் மீன் கழுவிக்கொண்டு இருந்தபோது, தாச்சியைப் பார்த்தபடி சொன்னார்.

"கட்டார்ல ஈர நிலத்தில வழுக்கி விழுந்தனான். பின் தலையில அடி. ஆஸ்பத்திரியில மூண்டு நாள். எழும்பிப் பாத்தா மணமும் இல்ல, ருசியும் இல்ல. எல்லாம் நனைஞ்ச கடதாசி மாதிரி. சமையற்காரனுக்கு இது நடந்தா என்ன செய்யிறது? டிக்கெட் போட்டு அனுப்பிப்போட்டாங்கள்."

"வீட்டில தெரியுமோ, அண்ணை?"

"ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்."

"காஸ் மணக்குதோ எண்டு நான் காலமையில பாக்கிறன்," என்றேன். அதற்கு அவர் சிரித்தார். அதன் பிறகு காஸ் பார்ப்பது என்னுடைய வேலையாகிவிட்டது. ருசி பார்ப்பதும்.

ஆனால் குசினியில் நாலு காது இருக்கும். உப்புக் கூட, புளி குறைவு என்று நான் ஒவ்வொரு சட்டிக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்காவது பிடிபட்டுவிடும். அவர்தான் ஒரு வழி சொன்னார்.

"வாயால சொல்லாதேங்கோ. முகத்தால சொல்லுங்கோ. உங்கட முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

என்னுடைய முகத்தைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை. நான் கரண்டியில் எடுத்து, ஊதி, வாயில் வைப்பேன். அவர் ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உப்போ தேசிக்காய்ப் புளியோ சீனியோ எடுப்பார். ஒரு தடவைகூடப் பிழைத்ததில்லை. மூன்று குசினிகளில், எத்தனை ஆயிரம் சட்டிகளில். சீனக்கடை முதலாளி கனடாவுக்குப் போய்க் கடை மூடியபோது, பீட்சாக்கடைக்காரர் வந்து அண்ணையைக் கூப்பிட்டார். "வெங்காயம் வெட்ட அந்தத் தங்கச்சியையும் எடுத்தா வாறன்," என்றாராம். வெங்காயம் வெட்ட ஆள் கிடைக்காத ஊரா மன்னார் என்று அந்த முதலாளி பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பீட்சாக்கடையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். கடலில் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஐம்பது வயது இருக்கும், சாப்பிட்டுவிட்டுக் குசினி வாசலுக்கே வந்துவிட்டா. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னா, கண் கலங்கியது. அண்ணை இங்கிலீசில் நன்றி சொல்லித் தலை குனிந்தார். அவ போன பிறகு எனக்குச் சொன்னார், அந்தத் தக்காளிக் குழம்பு தன்னுடைய அம்மா வைத்ததைப்போல இருக்கிறது, அம்மா செத்த பிறகு இன்றைக்குத்தான் அந்த ருசி வந்தது என்று அவ சொன்னாவாம்.

சொல்லிவிட்டுத் தாச்சியில் மிச்சமிருந்த குழம்பைக் கரண்டியால் கிளறினார். பிறகு, "அது என்ன ருசி, தங்கச்சி? எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ," என்றார்.

நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். ஒரு ருசியைச் சொல்லில் சொல்லும்படி அதற்கு முன்னம் என்னை ஒருவரும் கேட்டதில்லை. உப்பு, புளி என்று சொன்னால் போதாது என்று தெரிந்தது. யோசித்து யோசித்து, "முதல்ல புளி. அது உடன போயிடும். பிறகு வெயில்ல காய வச்ச தக்காளியின்ர இனிப்பு வருது. கடைசியில கொஞ்சம் கைக்குது, கருகின வெங்காயம் மாதிரி. ஆனா அந்தக் கைப்பு இருந்தாத்தான் திரும்ப எடுக்கச் சொல்லுது," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஓம்," என்றார். "ஓம். அப்பிடித்தான் இருந்தது." கட்டாரில் முன்னம் எப்போதோ அவர் வாயில் இருந்த ருசி அது. அதை நினைவிலிருந்து செய்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வேலை குறைந்த நேரங்களில் அடிக்கடி கேட்பார். எள்ளெண்ணெய் எப்படி இருக்கிறது, இன்றைக்கு வந்த இறால் எப்படி இருக்கிறது, இட்லிக்காரரின் சாம்பார் எப்படி இருக்கிறது என்று. நான் சொல்வேன். நான் ஒருவரோடு அவ்வளவு கதைத்தது அந்த நாட்களில்தான். இப்போது இதை நாலு வரி எழுத வருகிறதென்றால் அதுவும் அதனால்தான்.

வீட்டுக் கதை ஒன்றையும் பகிடியாகச் சொல்லுவார். ஒருமுறை மனைவியோடு ஏதோ சச்சரவு. அவ கோபத்தில் மூன்று நாள் கறிக்கு உப்பே போடவில்லை. இவர் ஒவ்வொரு நாளும், "நல்லாயிருக்கு," என்று சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார். தன்னை நையாண்டி பண்ணுகிறார் என்று அவ ஒரு கிழமை கதைக்கவில்லை. "உப்பில்லாத கோபம் மூண்டு நாள், உப்போட கோபம் ஏழு நாள்," என்று சொல்லிச் சிரிப்பார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

முப்பத்தோராம் நாள் பேசாலையில் அவர் வீட்டுக்குப் போனபோது எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. செபம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவருடைய மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினா. முதுகு வருத்தத்தினால் வேலையை விட்டு நின்றவர், இரண்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, ஒரு காலை நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று சொன்னா. முதுகு வருத்தம் என்றுதான் அவவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா.

"தங்கச்சி, நீங்கள் கனகாலம் கூட வேலை செய்தனீங்கள். என்ட சமையலைப் பற்றி அவர் கடையில ஏதும் சொல்லுறவரோ?"

"ஏனக்கா?"

"கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருசம், வீட்டில நிண்ட நாளெல்லாம் சமைச்சுக் குடுத்தனான். முந்தி, கட்டாருக்குப் போக முன்னம், கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு நாளும் நல்லாயிருக்கு எண்டு சொல்லுவார். ஆனா ஒரு நாள்கூட ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிடேல்ல. பெரிய ஹோட்டல்ல நிண்ட மனுசன். என்ட கை அவருக்குப் பிடிக்காமப் போட்டுது. சொன்னா எனக்கு நோகும் எண்டு சொல்லாம இருந்திட்டார்."

சொல்லிவிட்டு அவ அழவில்லை. அது அவவுக்குப் பழைய விஷயம், பழகிப்போன விஷயம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வசனம் போதும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் இதை வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொன்னதில் பிரயோசனம் இல்லை.

அரபுக்கடை நல்லாக நடந்துகொண்டிருந்த காலம். அங்கே செய்கிற இறைச்சிச் சோற்றுக்கு மந்தி என்று பெயர். முதன்முதல் கேட்டபோது நான் குரங்கை நினைத்துச் சிரித்தேன். இறைச்சியை அவித்த தண்ணீரிலேயே சோற்றை வேகவைத்து, பெரிய தட்டில் கொட்டி, மேலே இறைச்சியை அடுக்கிக் கொடுப்பது. தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். முதலாளி கடற்கரைப் பக்கம் மேல்மாடியோடு புதுக்கடை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். எல்லா நாட்டுச் சாப்பாடும் ஒரே கூரைக்குக் கீழே என்பது அவருடைய எண்ணம். பெருநாளுக்குப் பிறகு திறப்பதாக இருந்தது.

அந்த வருடம் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம், வெள்ளிக்கிழமை ஒரு மண்டபத்தில் நோன்பு துறக்க ஊராரைக் கூப்பிட்டிருந்தது. நாற்பது தட்டு மந்தி எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, இது சரி வந்தா ஊர் முழுக்கக் கதைக்கும்," என்றார் முதலாளி. "புதுக்கடையில நீங்கள்தான் பெரிய ஆள். உங்கட பேரைப் பலகையிலயே போடப்போறன்."

"என்ட பேரோ?" என்றார் அண்ணை. "கோயில்ல கலியாண ஓலை வாசிக்கேக்க ஒருக்காச் சத்தமாக் கேட்டது. அதுக்குப் பிறகு இல்லை."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் அவருடைய முகம் வேறு மாதிரி இருந்தது. பலகையில் எழுத்து என்ன நிறம் வைப்பார்கள் என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டார். எழுதுகிறவன் பிழையாக எழுதிவிடுவான், தான் கடதாசியில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை குளிர்ப்பெட்டி முழுவதும் பழமும் பாலுமாக நிறைந்திருந்தது. இறைச்சிக்கு இடமில்லை. கொத்து நானா ஜும்மாத் தொழுகைக்குப் போக முன்னம், வெக்கையில் பழுதாகிவிடும் என்று இறைச்சி முழுவதற்கும் உப்புப் பிரட்டி, ஐஸ் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனார். ஒருவருக்கும் சொல்லவில்லை. அதில் பிழை சொல்ல முடியாது. எந்தச் சமையற்காரனும் அவித்த தண்ணீரை ஒருக்கா வாயில் வைத்துத்தானே மேற்கொண்டு உப்புப் போடுவான். ஐஸ் கரைந்து உப்பு இறைச்சிக்குள் இறங்கிவிட்டது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

அண்ணை இறைச்சியை அவித்தார். கரண்டிகளால் அளந்து உப்புப் போட்டார். அரிசி போடும் நேரம் வந்தபோது என் பக்கம் திரும்பினார். பிறகு திரும்பாததுபோல் மற்றப் பக்கம் பார்த்தார். வெள்ளிக்கிழமை. மகள் சின்னவளாக இருந்தபோது காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்து பிழைத்ததற்கு நான் அம்மனுக்கு வைத்த நேர்த்தி அது. பதினெட்டு வருடங்களில் ஒரு வெள்ளியும் மச்சம் வாயில் பட்டதில்லை. மற்ற வெள்ளிகளில் பார்க்கிற நானா நோன்போடு இருந்தார். அண்ணைக்கும் தவக்கால வெள்ளியில் இறைச்சி இல்லை. வாயில் வைத்தாலும் அவருக்குப் பலன் இல்லை, அது வேறு கதை. அந்தக் குசினியில் அன்றைக்கு அந்த ஆணத்தை, இறைச்சி அவித்த தண்ணீரை, வாயில் வைக்க ஒருவரும் இல்லை.

"அண்ணை, நான் ஒரு சொட்டு..." என்று தொடங்கினேன்.

"வேண்டாம், தங்கச்சி. பிள்ளைக்கு வச்ச நேர்த்தி. நான் அளந்துதான் போட்டனான்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பக்கத்தில் ஃபோன் திருத்துகிற கடை. அங்கே இருந்தவருக்கு நோன்பும் இல்லை, விரதமும் இல்லை, ஒரு கோப்பையில் விட்டுக்கொண்டு போய்க் கேட்டிருக்கலாம். அதை நினைக்கவும் நினைத்தேன். முன்பின் கதைத்திராத ஒரு ஆம்பிளையிடம் போய் இதைக் குடித்துப் பாருங்கோ என்று என்னெண்டு கேட்பது என்று வெட்கப்பட்டு, தேசிக்காய் வெட்டப் போய்விட்டேன்.

ஐந்து மணிக்குத் தட்டுகள் போயின. பார்க்க அழகாக இருந்தன. மஞ்சளும் வெள்ளையுமாகச் சோறு, மேலே வறுத்த கசுக்கொட்டை. பாங்கு சொன்னது. நானா பேரீச்சம்பழம் எடுத்து, எங்களுக்கும் தந்து, நோன்பு துறந்தார். தொழுகை முடிந்து அங்கே சாப்பிடத் தொடங்கும் நேரத்தை அண்ணை மணிக்கூட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப தட்டில கை வச்சிருப்பினம்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒருவர் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கை பட்டுக் கலைந்த தட்டு. மேசையில் வைத்தார்கள்.

"அண்ணை, ஒரு வாய் சாப்பிடுங்கோ."

"இண்டைக்குத் தவக்கால வெள்ளி, முதலாளி."

"இறைச்சி வேண்டாம். சோத்தை மட்டும் வாயில வையுங்கோ. வச்சிட்டுச் சொல்லுங்கோ, எப்பிடி இருக்கெண்டு."

அண்ணை கையைக் கழுவி, துடைத்து, கொஞ்சம் சோறு எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றபடியே என்னைப் பார்த்தார்.

ஏதோ பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என்ன பிழை என்று எனக்கும் தெரியாது, நான் வாயில் வைத்தவள் அல்லவே. ஆனால் முதலாளியின் உதடுகளைப் பார்த்திருந்தால், அவர் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்திருந்தால், ஊகித்திருக்கலாம். நான் எதையும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் எங்கள் பக்கம் இருந்த கூச்சத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது.

"நல்லாத்தான் இருக்கு, முதலாளி," என்றார் கடைசியில். "உப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

கொத்து நானா வந்து தட்டில் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். உடனே தொட்டிக்கு ஓடித் துப்பினார்.

"யா அல்லாஹ்! நான் காலமையே உப்புப் போட்டு வச்சனானே. அண்ணை, நீங்கள் ஆணத்தைப் பாக்கேல்லயா?" என்றவர், தான் கேட்டது என்ன என்று விளங்கி நின்றுவிட்டார்.

முதலாளி கோபத்தோடுதான் வந்திருந்தார். அந்தக் கோபம் அவர் முகத்திலிருந்து இறங்கிப் போனதை நான் பார்த்தேன். கதிரையை இழுத்து அண்ணைக்குப் போட்டார். அண்ணை இருக்கவில்லை.

"எத்தின நாளா, அண்ணை?"

"இஞ்ச வர முன்னமே."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அடுப்படியில விட்டிருப்பீங்களோ?"

முதலாளி தான் போட்ட கதிரையை மேசைக்குக் கீழே தள்ளினார். இந்த விஷயம் இந்தக் குசினியை விட்டு வெளியே போகாது, முதுகு வருத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். சொன்னபடியே இருந்தார். அதை அவருக்காகச் சொல்லவேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்களுக்கு இது தெரியுமோ?"

நான் வாய் திறக்க முன்னம் அண்ணை சொன்னார்.

"அவவுக்கு ஒண்டும் தெரியாது."

ஏழு வருடம் அந்த மனிதருடைய நாக்காக இருந்தது நான். ஓம் தெரியும், பிழை என்னுடையது, இன்றைக்கு நான் பார்க்காமல் விட்டதுதான் பிழை என்று சொல்லியிருக்கலாம். அவரை நீங்கள் வைத்திருந்தால் நான் ஒவ்வொரு சட்டிக்கும் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி நல்ல மனிதர். யோசித்திருப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாது என்று வாயாலும் சொல்லவில்லை. சும்மா நின்றேன். அதுவே பதிலாகிவிட்டது.

அண்ணை தாச்சியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தார். தோளில் கிடந்த துவாயை மடித்துப் பைக்குள் வைத்தார். பின்வாசலில் நான் நின்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"உண்மையா எப்பிடி இருந்தது, தங்கச்சி? உப்பை விட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. மற்றதெல்லாம் சரி வந்திருந்ததோ?"

அப்போதும் நான் அதை வாயில் வைத்திருக்கவில்லை.

"தெரியாது அண்ணை. இண்டைக்கு வெள்ளி."

"ஓம்," என்றார். "வெள்ளி எல்லே." பேசாலை பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. வவுனியாவிலிருந்து ஒருவர் வந்து அடுப்பைப் பொறுப்பெடுத்தார். காலையில் காஸ் பார்க்க இனி நான் தேவையில்லை, பகல் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.